பின்பாட்டிலிருந்து பின்னணி இசை வரை

தமிழ் இசையமைப்பாளர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு என்று எதை எடுத்தாலும் அது பெரும்பாலும் ஒரு படப்பட்டியலாகவே இருக்கும். எந்த ஆண்டு எந்தப் படம், யார் பாடினார்கள், எத்தனை விருது. மேடைக்கு அவர் செய்த வேலைக்கு முதல் பக்கத்தில் ஒரு வரி ஒதுக்குவார்கள்: இளமையில் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தார். அடுத்த வரியில் ஆள் சென்னைக்கு ரயிலேறிவிடுவார்.

அந்த ஒரு வரியைப் பிரித்துப் பார்க்கத் தோதான இடம் திருச்சுழிச் சீமை. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி என்று போகும் இந்தப் பக்கம் கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் பருத்தியும் மிளகாயும். அதுவும் இல்லையென்றால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். இங்கே இசைக் கல்லூரி கிடையாது, சபா கிடையாது, டிசம்பர் சீசன் கிடையாது. ஆனால் பங்குனிப் பொங்கலுக்கும் முளைப்பாரித் திருவிழாவுக்கும் விடிய விடிய நாடகம் வைக்கும் வழக்கம் இன்னும் முழுசாக விட்டுப்போகவில்லை. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திர மயான காண்டம். கதை எல்லோருக்கும் தெரியும். பாட்டும் பாதிப் பேருக்கு மனப்பாடம். இருந்தும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்காருகிறார்கள்.

இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். கம்பெனி நாடகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வெளியூர்க்காரருக்குச் சட்டென்று பிடிபடாது. கம்பெனி என்றால் ஒரே முதலாளி, ஒரே வாத்தியார், மாதக்கணக்கில் ஒத்திகை. ஸ்பெஷலில் அது எதுவும் இல்லை. ஊர்க்கமிட்டி ராஜபார்ட்டை ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டை வேறோர் ஊரிலிருந்தும் அமர்த்தும். பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் எல்லோருக்கும் தனித்தனி அட்வான்ஸ். மதுரையிலும் புதுக்கோட்டையிலும் இன்னும் சில ஊர்களிலும் இருக்கும் நாடக நடிகர் சங்கங்களில் போய்ப் பேசி முடிப்பார்கள். வள்ளியும் வேலனும் அன்று ராத்திரி மேடையில்தான் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்பதும் நடக்கும். ஒத்திகையே பார்க்காத இத்தனை பேரை எட்டு மணி நேரம் ஒன்றாகக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவர் ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் இருப்பவர். நோட்டீஸில் அவர் பெயருக்கு முன்னால் 'ஆர்மோனியம், பின்பாட்டு' என்று போட்டிருக்கும்.

அவர் என்ன செய்கிறார் என்பதைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். ராஜபார்ட்டின் கட்டை ஒன்றரை என்றால் ஸ்திரீபார்ட் ஐந்தில் நிற்பார். தர்க்கம் சூடு பிடிக்கும்போது இவர் ஒரு பாட்டு, அவர் ஒரு பாட்டு என்று மாற்றி மாற்றி எடுப்பார்கள். ஒருவர் முடிக்கும் ஸ்வரத்திலிருந்து அடுத்தவர் எடுக்கும் ஸ்வரத்துக்குப் பாலம் போடுவதற்குப் பெட்டிக்காரருக்குக் கிடைப்பது இரண்டு மூச்சு நேரம். வசனம் எப்போது விருத்தமாக மாறும், விருத்தம் எப்போது தாளத்துக்குள் இறங்கும் என்று யாரும் அவருக்கு முன்கூட்டிச் சொல்வதில்லை. நடிகர் தலையைச் சற்றுச் சாய்த்தால், கையை மார்புக்கு நேரே கொண்டுபோனால், அதுதான் குறிப்பு. அடி மறந்துவிட்டதா, பெட்டிக்காரர் அதைத் தானே பாடி எடுத்துக்கொடுப்பார். கூட்டத்துக்கு அது பின்பாட்டாகவே கேட்கும். பபூன் ஒரு சிலேடையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கும் நொடியில் ஆல்ரவுண்டுக்காரர் தட்டைத் தட்டுவார். பெட்டி ஒரு சின்னக் கேலி ஸ்வரம் கொடுக்கும். மூன்று மணிக்குக் கூட்டம் கண்ணயர்ந்தால் காலப்பிரமாணத்தைக் கூட்டுவார். அந்தப் பாட்டை எழுதியவர் செத்து நூறு வருஷம் ஆகியிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி அதை அமைத்தவர் இவர்.

காலால் மிதித்துத் துருத்தி ஊதும் பழைய பெட்டியென்றால் இரண்டு கையும் கட்டைகளுக்குக் கிடைக்கும். கைப்பெட்டியில் இடது கை காற்றுக்கே போய்விடும். இப்போது பல மேடைகளில் கீபோர்டு வந்துவிட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி மாறும். வசதிதான். ஆனால் கட்டை மாறும்போது விரல் தேடிப்போய்ப் பிடிக்கும் அந்தச் சின்னத் தடுமாற்றத்தில் ஒரு ருசி இருந்தது என்று பழைய நாடக ரசிகர்கள் சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.

இந்த நாடகங்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கிப் பையன்களுக்கு நாடகம் கற்பித்தார். 1922-இல் புதுச்சேரியில் காலமானார். வெண்பா, விருத்தம், கீர்த்தனை, சந்தம் எல்லாம் அவர் கைக்குள் நின்றன. ஆனால் மெட்டு யாருடையது? அந்தக் காலத்து நாடகப் பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் பாட்டுக்கு மேலே சின்ன எழுத்தில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருப்பார்கள். பார்சி நாடகக் கம்பெனிகள் இறக்கிவிட்டுப் போன இந்துஸ்தானி மெட்டு, தியாகராஜர் கீர்த்தனையின் நடை, காவடிச் சிந்து, தெம்மாங்கு என்று எங்கிருந்தெல்லாமோ வரும். அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு அதை ராஜபார்ட்டின் தொண்டைக்குத் தகுந்தபடி வளைத்துக் கொடுத்தவர் பெட்டிக்காரர். எழுதியவர் பெயர் புத்தகத்தில் நின்றது. பாடியவர் பெயர் நோட்டீஸில் பெரிய எழுத்தில் நின்றது. இடையில் இருந்தவரின் வேலையை எழுதிவைக்கப் பழக்கமே ஏற்படவில்லை.

எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்காரர் ஒருவரை வைத்தே இதைச் சொல்லலாம். சிவகாசியில் 1886-இல் பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேஷத்தில் சுதந்திரப் போராட்டப் பாட்டைப் பாடியதற்காக மேடையிலேயே கைதானவர். பல தடவை சிறை போனவர். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு சேர்ந்து நடிக்கச் சில நடிகைகள் மறுத்த அவமானத்தையும் தாங்கியவர். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருக்கும்போது, மயில் வாகனத்தில் உட்கார்ந்தபடியே உயிரை விட்டார். அவர் பாடிய பாட்டுகளில் பலவற்றை எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ் என்பதும் பதிவாகியிருக்கிறது. பாட்டு பாதியில் நின்ற அந்த இரவில் பெட்டிக்கு முன்னால் யார் இருந்தார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. விதிவிலக்கு என்றால் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சொல்லலாம். அவருக்கு ஆர்மோனியம் வாசித்த காசி அய்யரின் பெயர் தப்பித்தது, அண்ணன் தம்பி உறவு இருந்ததால். கிட்டப்பா 1933-இல், 27 வயதில் போய்விட்டார். பேசும்படம் எதிலும் அவர் நடிக்கவில்லை. அவர் குரல் நமக்கு இசைத்தட்டில்தான் இருக்கிறது.

சினிமா வந்தபோது இந்த மேடை அப்படியே பெயர்ந்து ஸ்டூடியோவுக்குள் போனது. 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர், பாட்டு பாஸ்கரதாஸ். 1934-இல் வந்த 'பவளக்கொடி' தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்துக்கொண்டிருந்த அதே நாடகம். ஐம்பது பாட்டு. படம் எடுத்தார்கள் என்பதைவிட நாடகத்தைப் படம் பிடித்தார்கள் என்பதே சரி. அதற்கு முந்தைய ஊமைப்பட நாட்களிலும் திரைக்கு முன்னால் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து வாசிக்கும் வழக்கம் இருந்தது. ஓடுகிற படத்தைப் பார்த்துக்கொண்டே அதற்கேற்ப வாசிப்பது ராஜபார்ட்டின் முகத்தைப் பார்த்து வாசித்தவருக்குப் புது வேலையாகவே இருந்திருக்காது.

ரஷ்யாவில் இதே சமயம் நடந்தது ஒப்பிடத் தக்கது. இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் அப்பா இறந்தபின் குடும்பத்தைத் தாங்க லெனின்கிராடு சினிமாக் கொட்டகைகளில் ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்தார். 1929-இல் நாடக இயக்குநர் மேயர்ஹோல்டின் நாடகத்துக்கும், 'புதிய பாபிலோன்' என்ற ஊமைப்படத்துக்கும் இசை எழுதினார். பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அவருக்குப் பின்வந்த தலைமுறையிலும் மேடையும் திரையும் ஒரே ஆளின் இரண்டு அறைகளாக இருந்தன. தர்கோவ்ஸ்கியின் 'சோலாரிஸ்', 'கண்ணாடி', 'ஸ்டாக்கர்' மூன்றுக்கும் இசை தந்த எடுவர்ட் அர்த்தெமியெவ், 'குற்றமும் தண்டனையும்' நாவலை ராக் ஓபராவாக எழுதி 2016-இல் மாஸ்கோ மேடையில் பார்த்தார்; 2022-இல் காலமானார். குழந்தைகள் படங்களுக்குப் பாட்டமைத்துப் பேர் வாங்கிய அலெக்ஸி ரிப்னிகோவின் 'யூனோனாவும் அவோஸும்' 1981-இல் மாஸ்கோவின் லென்கோம் நாடக அரங்கில் ஏறிப் பல பத்தாண்டுகள் ஓடியது. அவர்களுக்கு கன்சர்வேட்டரி இருந்தது, அரசு நாடக அரங்கு இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே எழுதிய தாள் இருந்தது. மேடை இசை தாளில் இருப்பதால் அது இசையமைப்பாளரின் கணக்கில் சேர்ந்தது. நம் மேடையில் அது விரலில் இருந்தது. விரலோடு போனது.

மேடை அப்படியே ஸ்டூடியோவுக்குப் போனதால் நம் திரை இசையமைப்பாளர்களின் முதல் இரண்டு தலைமுறையை நாடகத்தின் பிள்ளைகள் என்றே சொல்ல வேண்டும். ஜி. ராமநாதன் கதாகாலட்சேபத்துக்கும் நாடகத்துக்கும் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவர். எஸ்.எம். சுப்பையா நாயுடு நாடகக் கம்பெனிப் பையன். கே.வி. மகாதேவனும் அப்படியே. எம்.எஸ். விஸ்வநாதன் சிறு வயதில் மேடையேறி, பிறகு சுப்பையா நாயுடுவிடமும் சி.ஆர். சுப்பராமனிடமும் தொழில் கற்றவர். இவர்கள் எல்லோரிடமும் ஒரு பொதுக்குணம் உண்டு. பாடுகிறவரின் தொண்டையையும் நடிக்கிறவரின் உடம்பையும் பார்த்துவிட்டுத்தான் மெட்டுப் போடுவார்கள். ராமநாதனின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' இதற்கு நல்ல சாட்சி. 1957-இல் சேலத்தில் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகம் அது, 1959-இல் படமானது, 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதும் ராமநாதனுக்குச் சிறந்த இசையமைப்பாளர் விருதும் கிடைத்தன. அந்தப் படத்தில் வசனம் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அங்கே வாத்தியம் ஒதுங்கி நிற்பதைக் கேட்கலாம். ஒத்திகை இல்லாத மேடையில் பழகிய காது அப்படித்தான் ஒதுங்கும்.

மகாதேவன் இன்னும் நேரடியாகவே இந்தப் பக்கத்துச் சரக்கை எடுத்துக்கொண்டார். அவருக்கு வாய்த்த இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தானே. 'நவராத்திரி' படத்தின் கூத்துக் காட்சியைக் கூத்து பார்த்தே இராதவர் அமைத்திருக்க முடியாது. இசையமைப்புக்கென்று தேசிய விருது வைத்தபோது முதல் விருது 1967-ஆம் ஆண்டுக்கான 'கந்தன் கருணை'க்காக அவருக்குக் கிடைத்தது. முருகன் கதை. வள்ளி வருகிறாள். வருஷா வருஷம் திருச்சுழிப் பக்கத்து மேடையில் நடக்கும் அதே கதைக்குத்தான் டெல்லி அந்த விருதைக் கொடுத்தது.

இளையராஜாவிடம் வரும்போது கேள்வி கொஞ்சம் சிக்கலாகிறது. அவர் நாடகக் கம்பெனிப் பையன் இல்லை. 1943-இல் தேனிப் பக்கம் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் மேடையேறினார். அது கட்சி மேடை. 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தபோது கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டத் தமிழர்களிடையே வரதராசன் பாடினார். ரோசம்மா வென்றார். அதன்பின் பத்தாண்டு தமிழ்நாடு முழுக்க ஊர் ஊராகக் கூட்டம். பையன் குரல் இருந்தவரை தம்பிக்குப் பெண் குரல் பாட்டுகள். குரல் உடைந்தபின் ஆர்மோனியம். வரதராசனின் முறை எளிமையானது. அந்த வாரம் ஊர் முணுமுணுக்கும் சினிமா மெட்டை எடுப்பார். அதற்குள் விலைவாசியையும் கூலியையும் வைப்பார். கூட்டத்துக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும் என்பதால் சொல் நேரே காதில் ஏறும்.

இதை வெறும் பிரச்சாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விஸ்வநாதன் ராமமூர்த்தி முப்பது வாத்தியம் வைத்து அமைத்ததை ஓர் ஆர்மோனியம், ஒரு கிட்டார், ஒரு தாள வாத்தியம் வைத்துத் தெருமுனையில் நிற்க வைக்க வேண்டும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது, விட்டதைக் கேட்கிறவன் மனசே நிரப்பிக்கொள்ளுமா என்று தினமும் ராத்திரி முடிவு செய்ய வேண்டும். வாத்தியப் பிரிப்பை இதைவிடக் கடுமையாகச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை. 1960-களின் கடைசியில் சென்னை வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து, 1976-இல் 'அன்னக்கிளி'க்கு வந்தபோது அவருக்குப் புதிதாகக் கிடைத்தது நொட்டேஷன். காது ஏற்கெனவே தயார்.

அவருடைய பின்னணி இசை முறையைப் பார்த்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ரீலை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார். பிறகு எந்த வாத்தியத்தையும் தொடாமல் தாளில் எழுதத் தொடங்குவார். எழுதிய தாள் நேரே வயலின்காரர்களுக்குப் போகும். இதைச் சித்து வேலை போலச் சொல்வது வழக்கமாகிவிட்டது. பெட்டிக்காரரின் இரண்டு மூச்சு நேரத்தை நினைத்துப் பார்த்தால் இது எந்த மரபில் வருகிறது என்பது புரியும். நடிகரின் தலைச் சாய்வைப் பார்த்துச் சுருதி மாற்றுகிறவர் ஒரு ரீலைப் பார்த்து எழுதுவதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? வித்தியாசம் தாளில் இருக்கிறது. அந்தத் தாள்தான் பெட்டிக்காரரை இசையமைப்பாளராக்கியது.

இதற்குச் சரியான உதாரணம் 'ஹே ராம்'. அந்தப் படத்துக்கு முதலில் இசையமைத்தவர் எல். சுப்பிரமணியம். பாட்டுகளைப் படமாக்கி முடித்தபின் அவர் விலகினார். இளையராஜா வந்தார். ஏற்கெனவே எடுத்த காட்சிகளைக் கமல்ஹாசன் திரும்ப எடுக்கவில்லை. நடிகர்களின் உதடு பழைய பாட்டுக்கு அசைந்துகொண்டிருக்கிறது. அந்த அசைவுக்கும் அந்த நடைக்கும் பொருந்தும்படி புதுப் பாட்டுகளைப் போட்டு, புடாபெஸ்ட் இசைக்குழுவை வைத்து வாசிக்கவும் வைத்தார். 2000-இல் படம் வந்தபோது தையல் தெரியவில்லை. நடிகர் முன்னே போக, இசை பின்னே வந்து அவரைப் பிடித்துக்கொள்வது பின்பாட்டு மரபு. அது ஒரு முழுப்படத்தின் அளவில் நடந்த இடம் என்று இதைத்தான் சொல்வேன்.

திருச்சுழிக்கும் இளையராஜாவுக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. ரமணர் பிறந்தது இங்கேதான், 1879 டிசம்பர் 30-இல், திருமேனிநாதர் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில். சுந்தரர் தேவாரம் பாடிய தலம். குண்டாறு ஓடுகிறது, ஓடுகிற வருஷத்தில். பின்னாளில் ரமணரான வெங்கடராமன் என்ற பையன் 1896-இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். பிறந்த வீட்டைச் சுந்தர மந்திரம் என்ற பெயரில் பாதுகாக்கிறார்கள். ரமண பக்தரான இளையராஜா 'ரமண மாலை' என்ற தொகுப்புக்குத் தானே பாட்டெழுதி, மெட்டமைத்து, பாடவும் செய்தார். திரையில் யாருக்கோ பின்னால் நிற்கும் இசையை அமைத்தவர் இங்கே முன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறார். குரலில் அலங்காரம் இல்லை. மேடைக்காரனின் எடுப்பும் இல்லை. என் கணக்கில் அவருடைய சினிமாவுக்கு வெளியேயான வேலைகளில் அதிகம் பேசப்படும் 'ஹௌ டு நேம் இட்'டைவிட இது அவரை நமக்குக் கிட்டே காட்டுகிறது. மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

2025 மார்ச் 8-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. பண்ணைப்புரத்திலிருந்து லண்டனுக்கு என்று தலைப்புப் போட்டார்கள். அந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பத்தாண்டு மேடை இருப்பதைத் தலைப்புகள் தாண்டிப் போய்விட்டன. படப்பட்டியல் எழுதும் பழக்கத்தின் விளைவு அது.

இளையராஜாவின் வரவோடு போக்குவரத்து திசை மாறியது என்பதும் உண்மை. அதுவரை பெரும்பாலும் மேடை திரைக்குக் கொடுத்தது. எண்பதுகளிலிருந்து திரை மேடைக்குக் கொடுக்கிறது. 1989-இன் 'கரகாட்டக்காரன்' மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியபின், நையாண்டி மேளக்காரர்கள் அந்தப் படத்துப் பாட்டை வாசிக்காமல் எந்த ஊரிலும் இறங்க முடியவில்லை. நையாண்டியிலிருந்து படத்துக்குப் போனது, படத்திலிருந்து நையாண்டிக்கே திரும்பி வந்தது. ஸ்பெஷல் நாடகத்தில் இன்று கதை தொடங்குமுன் பெட்டிக்காரர் கூட்டம் சேரும்வரை வாசிப்பது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. பபூனும் டான்ஸும் மோதும் காட்சி முழுக்கச் சினிமாப் பாட்டு. கதைக்குள்ளும் முருகன் சில இடங்களில் மகாதேவன் மெட்டில் பாடுகிறார். தூய்மைவாதிகள் வருத்தப்படுகிறார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் பார்சி மெட்டை எடுத்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வேறுபாடு என்று எனக்குப் புரியவில்லை. வருத்தப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. படத்து மெட்டு மேடைக்கு வரும்போது அதற்கு உரியவர் யார் என்று ஊருக்கே தெரியும். உரிமைக்கு நோட்டீஸ் அனுப்பவும் சட்டம் இருக்கிறது. 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் கச்சேரிகள் பற்றி இளையராஜா அனுப்பிய நோட்டீஸை நாடே பேசியது. மேடை மெட்டு படத்துக்குப் போன நாட்களில் அப்படிக் கேட்க யாருக்கும் வாய் இல்லை.

ஏ.ஆர். ரகுமானிடம் இந்தப் போக்குவரத்து பெரிய அளவில் நடந்தது. 2002-இல் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் தயாரித்து ஏறிய 'பாம்பே ட்ரீம்ஸ்', 2004-இல் பிராட்வேக்கும் போனது. அதில் சினிமாவுக்காக ரகுமான் முன்பே போட்ட சில பாட்டுகள் மேடைக்கேற்ப மாறி வந்தன. ஆக லண்டன் மேடையிலும் திருச்சுழி மேடையிலும் நடந்தது ஒரே காரியம், படத்து மெட்டை நடிகரின் தொண்டைக்குத் திரும்ப அளவெடுப்பது. அங்கே யார் எந்தப் பாட்டைத் திருத்தி அமைத்தார் என்று நிகழ்ச்சிப் புத்தகத்தில் அச்சிடுவார்கள். 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' மேடை வடிவத்துக்கு, 2006-இல் டொரான்டோவிலும் மறு ஆண்டு லண்டனிலும், பின்லாந்தின் வார்த்தினா குழுவோடு சேர்ந்து ரகுமான் புதிதாகவே இசை எழுதினார். தமிழர் ஒருவர் மேடைக்கென்று அந்த அளவில் எழுதியது அபூர்வம். தமிழ்நாட்டில் அதைப் பற்றி ஒரு நல்ல கட்டுரைகூட என் கண்ணில் பட்டதில்லை. படம் இல்லையே!

ரகுமான் நம் பழைய மேடைக்கும் ஒருமுறை வந்தார். விருதுநகர்க்காரரான வசந்தபாலன் 2014-இல் எடுத்த 'காவியத்தலைவன்' நாடகக் கம்பெனிகளின் கதை. கிட்டப்பா, அவர் மனைவி கே.பி. சுந்தராம்பாள் இருவரின் நிழலும் அதில் விழுந்திருக்கிறது. பாட்டுகள் அழகு. நாடகச் சந்தத்தின் நடையைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் குரலுக்குப் பின்னால் கேட்பது ஸ்டூடியோவின் சுத்தம். பாடுகிறவர் சறுக்குவார், பெட்டி பிடித்துக்கொள்ளும் என்ற பயம் அதில் இல்லை. முன்கூட்டிப் பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் சினிமாவில் அந்தப் பயத்தைக் கொண்டுவருவது சுலபமும் இல்லை. 2016-இல் வந்த பாலாவின் 'தாரை தப்பட்டை', இளையராஜாவின் ஆயிரமாவது படம் என்று அறிவித்து வந்தது, கரகாட்டக் குழுவின் கதை. பின்னணி இசைக்குத் தேசிய விருது. அதில் தவில்காரர் நடனக்காரியின் காலைப் பார்த்து அடிப்பது போன்ற உணர்வு ஓரிரு இடத்தில் வருகிறது. சினிமா மேடையை அதற்கு மேல் நெருங்கியதாக நான் கேட்டதில்லை.

கடல் தாண்டிப் பார்த்தால் யாழ்ப்பாணத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. நம் நாடகக் குழுக்கள் கொண்டுபோன இசை நாடகத்தை அவர்கள் தங்கள் கலையாகவே ஆக்கிக்கொண்டார்கள். காங்கேசன்துறை வி.வி. வைரமுத்து மயான காண்டத்தில் அரிச்சந்திரனாக ஆயிரக்கணக்கான இரவுகள் நின்றவர். அங்கே சினிமாத் தொழில் பெரிதாக வளராததால் மேடைக்காரர் ரயிலேறிப் போக ஸ்டூடியோ இல்லை. கலை மேடையிலேயே தங்கியது.

தமிழ் இசையமைப்பாளர் என்ற தொழிலின் முழு வரலாற்றை எழுத ஆசைப்படுகிறவர் இனிமேல் எங்கே போய்த் தேட வேண்டும்? படப்பட்டியல் இணையத்தில் கிடக்கிறது. மேடைப்பட்டியல் நாடக நோட்டீஸில் இருக்கிறது. மஞ்சளும் ரோஸுமாக மட்டத் தாளில், நடிகர்களின் படத்தோடு, தேதி, ஊர், கோயில், கதையின் பெயர், கீழ் வரிசையில் ஆர்மோனியக்காரரின் படமும் பட்டப்பெயரும் போட்டு அடித்த தாள்கள். அருப்புக்கோட்டையிலும் மதுரையிலும் அச்சகம் நடத்தியவர்களின் பழைய மாதிரிக் கட்டுகளில் சில இருக்கலாம். கமிட்டித் தலைவர்களின் டிரங்குப் பெட்டியில் சில இருக்கலாம். அடுத்தது பெட்டிக்காரர்களின் பாட்டு நோட்டு. அதில் பாட்டுக்குப் பக்கத்தில் ராகம், கட்டை, இன்ன நடிகருக்கு இப்படி என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார்கள். மூன்றாவது, தொண்ணூறுகளில் ஊர்க்காரர்களே டேப்ரிக்கார்டரை மேடைக்கு முன்னால் வைத்துப் பதிவு செய்த கேசட்டுகள். குழந்தை அழுகிற சத்தமும் ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்தே இருக்கும். சந்திரமதி புலம்பலை ஐந்து பேர் வாசித்த ஐந்து பதிவு கிடைத்து அருகருகே வைத்துக் கேட்டால், எது சுவாமிகள் காலத்து மெட்டு, எதை எந்தப் பெட்டிக்காரர் எந்த இடத்தில் வளைத்தார், எது எந்தப் படத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல முடியும். இளையராஜாவின் ஒரு பாட்டில் எந்த ஸ்வரம் எங்கிருந்து வந்தது என்று மணிக்கணக்கில் ஆராய்கிற நண்பர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே காதை இந்தக் கேசட்டுகள் பக்கம் திருப்பினால் போதும். கேசட்டில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது.